பல்லின் கழுத்தில் ஒரு நிழல்

“திறந்து பார்த்துடலாம்” என்று டாக்டர் ராமானுஜம் சொன்னார். அடுத்த நொடி சொர்ணம் அவர் கையைத் தட்டிவிட்டாள். வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடி பறந்துபோய்ப் பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது.

“இன்னாத்தத் தொறக்கப் போறே? தகர டப்பாவா இது? என் பல்லு சார்.”

“உட்காரும்மா. உள்ளே சொத்தை ஆரம்பிச்சிருக்கான்னு பார்க்கணும்.”

“ஆரம்பிச்சிருந்தா எனுக்கில்ல வலிக்கணும்? எனுக்கு வலிக்கல. உனுக்கு இன்னாத்துக்கு வலிக்குது?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சொர்ணத்தின் எக்ஸ்ரே படம் என் கையில் இருந்தது. அவளைவிட எனக்குத்தான் அப்போது கோபம் அதிகம்.

நான் வச்சலா. டாக்டர் ராமானுஜத்துக்கு உதவியாக வந்த பல் டாக்டர். செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தின் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டிருந்தோம். அந்த வருஷம் கேம்ப் என்ற சொல்லுக்கே ஆண்கள் பயந்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் எக்ஸ்ரே ஊழியர் அப்பாசாமி கடற்கரையில் நின்று, “பல்லு மட்டும்தான் பார்ப்போம்” என்று கத்தினார். “மொதல்ல பல்லத்தான் பாப்பீங்க” என்று ஒருவன் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டே பதிலுக்குக் கத்தினான். அதனால் வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். திருக்கை முள் குத்திக் கால் வீங்கிக் கடலுக்குப் போகாமல் இருந்த சின்னையன் மட்டும் ஆண்.

நாங்கள் வைத்தியம் செய்ய வரவில்லை, சொத்தையைக் கண்டுபிடிக்கும் வழிகளில் எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க வந்திருந்தோம். பல்லில் மேலே தெரிகிற சொத்தையை யாரும் கண்டுபிடிக்கலாம். இரண்டு பல் தோளோடு தோள் இடித்து நிற்கிற இடத்தில், அந்த இடுக்கில் தொடங்குகிற சொத்தைதான் கள்ளத்தனமானது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியாது. ஊசிமுனைக் கொக்கியால் தடவிப் பார்க்கலாம் என்றால் கொக்கி அந்த இடுக்கில் நுழையாது. அழுத்தி நுழைத்தால், சும்மா இருந்த மெல்லிய இடம் அந்தக் கொக்கியாலேயே உடைந்துபோகும்.

இன்னொரு வழி எக்ஸ்ரே. சிறு பிலிம் துண்டின் நடுவில் காகிதத்தால் ஒரு நாக்கு ஒட்டியிருக்கும். அதைக் கடித்துக்கொண்டால் பிலிம் பல்லுக்கு உட்புறமாக நிமிர்ந்து நிற்கும். வெளியிலிருந்து கதிரை விட்டால் மேல்பல், கீழ்ப்பல் இரண்டின் இடுக்குகளும் ஒரே படத்தில் விழும். மூன்றாவது வழி வெளிச்சம். டாக்டர் ராமானுஜம் வெளிநாட்டிலிருந்து ஒரு விளக்குப் பெட்டி வாங்கி வந்திருந்தார். அதிலிருந்து கண்ணாடி நார்க் கற்றை ஒன்று பென்சில் பருமனில் நீண்டு, நுனியில் மெலிந்து முடியும். அந்த நுனியை இரண்டு பல்லுக்கும் இடையில் ஈறோரம் வைத்தால் நல்ல பல் முழுக்க ஒளி பரவும். சொத்தை இருக்கிற இடம் ஒளியைச் சிதறடித்து, மேலிருந்து பார்க்கும்போது கறுப்பாகத் தெரியும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் பள்ளிப்பிள்ளை மாதிரிக் கைதட்டியிருக்கிறேன்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு. இரண்டு பல்லுக்கும் நடுவில் நூலையோ ரப்பரையோ இறுக்கி வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் பற்கள் ஒரு மயிரிழை விலகியிருக்கும். அந்தச் சந்தில் நேராகவே பார்த்துவிடலாம். ஒரு சேதமும் கிடையாது. சந்து தானாக மூடிக்கொள்ளும். இதைத்தான் நான் கேட்டேன். “மறுநாள் இவங்க திரும்பி வரமாட்டாங்க வச்சலா” என்று அவர் அதை ஆய்விலிருந்தே நீக்கிவிட்டார்.

சரி, கொக்கி ஒன்று சொல்லி, வெளிச்சம் ஒன்று சொல்லி, படம் வேறொன்று சொன்னால் எது உண்மை என்று எப்படித் தெரியும்? அதற்கு அவர் வைத்திருந்த பதில்தான் ‘திறந்து பார்ப்பது’. டிரில் வைத்துப் பல்லைத் தோண்டி, உள்ளே சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் படம் சரி. இல்லையென்றால் வெளிச்சம் சரி. இரண்டில் எதுவானாலும் ஆய்வுக்கு ஒரு விடை கிடைத்துவிடும். குழி மட்டும் அந்த ஆளின் வாயில் தங்கிவிடும். வெள்ளைச் சாந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவோம். நிரந்தரமாக அடைக்கக் குப்பத்துக்கு யாரும் திரும்பி வரப்போவதில்லை.

இதே சந்தேகத்தோடு செங்கல்பட்டில் ஒரு தாசில்தாரோ வக்கீலோ நாற்காலியில் உட்கார்ந்தால் டாக்டர் ராமானுஜம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். “ஒண்ணும் அவசரம் இல்ல. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்.” காலையில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே இதைக் கேட்டுவிட்டேன்.

“அங்க பொறுத்துப் பார்க்கறோம், இங்க ஏன் சார் தோண்டறோம்?”

“அங்க பேஷண்ட். இங்க ஆய்வு. உணர்ச்சிவசப்படாதே.”

சொர்ணத்தின் படத்தைக் கழுவி முடித்ததும் நான் ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டுக்கு நடுவே, ஈறை ஒட்டி, கறுப்பாக ஒரு முக்கோணம். கொக்கி அவளிடம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வெளிச்சத்திலும் பல் சுத்தமாக ஒளிர்ந்தது. படத்தில் மட்டும் கறுப்பு.

அந்தக் கறுப்பு என்ன என்று எனக்குத் தெரியும். ஓலைக்கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசைக் கீற்று ஓரிடத்தில் முடிகிறது. கீழ் வரிசை அதற்குச் சற்றுத் தள்ளித் தொடங்குகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அந்த இடைவெளியில் வெயில் நேராக உள்ளே இறங்கும். பல்லும் அப்படித்தான். மேல்பாதியைக் கெட்டியான எனாமல் மூடியிருக்கிறது, கதிரைத் தடுக்கிறது. கீழே வேரைத் தாடை எலும்பு மூடியிருக்கிறது, அதுவும் தடுக்கிறது. நடுவில், பல்லின் கழுத்தில், எனாமல் மெலிந்து முடிந்துவிட்டது. எலும்பு இன்னும் தொடங்கவில்லை. கதிர் அந்த வழியாகத் தாராளமாகப் போய்ப் படத்தைக் கறுப்பாக்கிவிடும். சொத்தை எதுவும் கிடையாது, வெறும் நிழல். உண்மையான சொத்தை அதற்குச் சற்று மேலே, பல்லும் பல்லும் தொடும் புள்ளிக்குக் கீழே தொடங்கும்.

படம் கழுவும் மருந்து சூடாக இருந்தால் இந்த நிழல் இன்னும் கறுக்கும். அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கி, மருந்துத் தட்டைச் சுற்றி அடுக்கியிருந்தோம். மத்தியானம் இறால் ஏற்ற வந்த லாரி மிச்ச ஐஸ் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மருந்து கஞ்சி மாதிரிச் சுடுகிறது, படம் எடுப்பதை நிறுத்தலாம் என்று அப்பாசாமி சொன்னார். டாக்டர் ராமானுஜம் நிறுத்தவில்லை. பம்பாயில் நடக்கும் மாநாட்டுக்கு அவர் இந்த ஆய்வைக் கொண்டுபோக வேண்டும்.

சொர்ணத்தின் படத்தை அவரிடம் நீட்டி மெதுவாகத்தான் சொன்னேன். “சார், இது கழுத்து நிழல். மருந்து வேற சூடா இருக்கு. சொத்தை இல்ல.”

“நீ எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?”

“இடம் தப்பா இருக்கே சார். ஈறோரம்...”

“நிழலா சொத்தையான்னு படத்தை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதானே திறந்து பார்க்கறோம்” என்று சொல்லிவிட்டு, கால் டிரில்லைத் தன் பக்கம் இழுத்தார்.

பள்ளிக்கூடத்துக் கரண்ட் எக்ஸ்ரேவுக்கே போதவில்லை. அதனால் காலால் மிதிக்கிற பழைய டிரில்லைக் கொண்டுவந்திருந்தோம். காலையில் அதைப் பார்த்துவிட்டு சொர்ணம், “தையல் மிஷினு இன்னாத்துக்கு?” என்று கேட்டாள். எப்படி ஓடுகிறது என்று அவளுக்கு விளக்கினேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, கேட்காதவர்களுக்கும் விளக்குவேன். கீழே மிதித்தால் பெரிய சக்கரம் சுற்றும். சக்கரத்திலிருந்து ஒரு கயிறு மேலே போய், மடங்கும் கையின் வழியாகச் சின்னச் சின்ன உருளைகளில் ஓடி, நுனியில் இருக்கும் ஊசியைச் சுழற்றும். பெரிய சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஊசி பல சுற்றுகள் சுற்றிவிடும். “எல்லாம் இந்த ஒரு கயித்துலதான் இருக்கு” என்று தொட்டுக் காட்டினேன். அவளும் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்ல முறுக்கு” என்றாள்.

இப்போது அந்த ஊசி தன் பக்கம் திரும்பியதும்தான் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“போன வருசம் வந்தியே, நீதானே?” என்று அவரைக் கேட்டாள். “மாயவன்னு ஒரு ஆளு. என் வூட்டுக்காரன். ‘சும்மா பாக்கறேன்’னு சொல்லிப் பல்ல நோண்டி, வெள்ளையா எத்தையோ வச்சி அனுப்பினே. அது சோறு துண்ணும்போதே வுழுந்துடுச்சி. அப்புறம் தாடை வீங்கி, தொழிலுக்குப் போவாம, செங்கல்பட்டுக்கு இஸ்துகினு போயி அந்தப் பல்லையே புடுங்கினு வந்தோம். நாபகம் கீதா?”

“நிறையப் பேரைப் பார்க்கறேன்மா.”

“எனுக்கு ஒரே புருசன். எனுக்கு நாபகம் கீது. இந்தத் தபா படம் மட்டும்தான் புடிப்போம்னு சொன்னதாலதான் வந்தேன்.”

“படத்துலதான் தெரியுதே, கறுப்பா. வேணும்னா உன் கண்ணாலேயே பாரு.”

அவர் என் கையிலிருந்த படத்தை வாங்கி அவளிடம் காட்டினார். அதுதான் அவர் செய்த பிழை. ஒரு பல்லின் படத்தை மட்டும் காட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது, காட்டுகிறவர் சொன்னதை நம்ப வேண்டியதுதான். சொர்ணம் நம்பத் தயாராக இல்லை. படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவர் வாயைப் பார்த்தாள்.

“உன் பல்லு நல்ல பல்லா சார்?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப உன் பல்ல இதே மாரி ஒரு படம் புடி. நல்ல பல்லு எப்பிடி கீதுன்னு பாக்கறேன். அப்புறம் என்னுத நோண்டு.”

“அதெல்லாம் எதுக்கு?”

“இன்னாத்துக்கா? கத்திரிக்கா வாங்கினாகூட ரெண்ட வச்சிப் பாத்துதான வாங்கறோம்?”

வரிசை கலைந்து நாற்காலியைச் சுற்றி வந்தது. “குந்து சார்”, “பயமா கீதா?”, “வலிக்காது சார், எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கும்” என்று அவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததையே அவருக்குத் திருப்பிச் சொன்னார்கள். சின்னையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, “சார், கேம்ப்புன்னா மொதல்ல பல்லத்தான் பாப்பாங்க” என்றான். சிரிப்பு வெடித்தது. டாக்டர் ராமானுஜமும் சிரித்துக்கொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அது விளையாட்டு. கூட்டத்தை அமைதிப்படுத்திவிட்டு வேலையைத் தொடரலாம் என்று நினைத்திருப்பார்.

காகித நாக்கை அவர் வாயில் நான்தான் வைத்தேன். அதே இடத்தில், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு நேராக. எக்ஸ்ரே குழாயைச் சொர்ணத்துக்கு வைத்த அதே சாய்வில் வைத்தேன். ஒப்பிடுவதென்றால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவரே அவர்தான். அப்பாசாமி இருட்டறைக்குள் போகும்போது அவர் தோளைத் தொட்டு, “அதே மருந்து, அதே நேரம்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

படம் ஈரத்தோடு வந்தது. நான் எதுவும் சொல்லாமல் இரண்டையும் சொர்ணத்திடம் கொடுத்து, பல் எது, எலும்பு எது, பல்லின் கழுத்து எது என்று மட்டும் காட்டினேன். அவள் இரண்டு கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினாள். பிறகு இடது கைப் படத்தை டாக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இது உன்னுது. கறுப்பா கீது.”

கறுப்பாகத்தான் இருந்தது. ஈறை ஒட்டி, பல்லின் கழுத்தில், அதே முக்கோணம். அவளுடையதைவிடச் சற்றுப் பெரிது.

அவர் படத்தை வாங்கி ஒரு தடவை பார்த்தார். “இது சொத்தை இல்லம்மா. கழுத்துல விழற நிழல். மருந்து சூடா இருந்ததால கறுத்துப்போச்சு. எல்லார் படத்துலயும் வரும்.”

நான் இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை, தடுமாறவும் இல்லை. சற்று முன்னால் நான் எடுத்துச்சொன்ன காரணம், நான் சுட்டிக்காட்டிய இடம், நான் சொன்ன மருந்தின் சூடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரியாகச் சொன்னார். படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது என்றவர், தன் பல் என்றதும் டிரில் எதுவும் இல்லாமல் படத்தை வைத்தே சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் நான் அதுவரை வாதாடிக்கொண்டிருந்தேன். தெரிந்தே செய்திருக்கிறார்.

“உன்னுது நெயலு” என்றாள் சொர்ணம். குரல் உயரவே இல்லை. “என்னுது சொத்த.”

யாரும் சிரிக்கவில்லை.

“சரி, உன்னுது வேண்டாம், விடு” என்றார் அவர். “அடுத்தது யாரு?”

“சார்” என்று சின்னையன் எழுந்தான். வீங்கிய காலை ஊன்ற முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கன்னத்தில் இருந்த கையை இன்னும் எடுக்கவில்லை. ஐஸ் லாரி போனபிறகு அவனுக்குப் படம் எடுத்திருந்தார்கள். சொர்ணத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவன் அவன்தான். “அப்ப என்னுது?”

நான் காயப்போட்டிருந்த கம்பியிலிருந்து சின்னையன் படத்தை எடுத்தேன். பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். பல்லைத் தோண்டியபோது உள்ளே என்ன இருந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். வெள்ளை வெளேரென்று கெட்டியான பல். ‘வெளிச்சம் சரி, படம் தவறு’ என்று அவர் அப்போது திருப்தியோடு சொன்னார்.

“அண்ணாத்த படத்துல இன்னா போட்டுக்கீது?” என்று சொர்ணம் என்னைக் கேட்டாள், சின்னையன் படத்தைப் பார்க்கவே பார்க்காமல்.

“நிழல்தான்” என்று நான் சின்னையனிடம் சொன்னேன். “உங்க பல் நல்ல பல். சொத்தை இல்ல.”

“இல்லன்னா இன்னாத்துக்கு நோண்டினீங்க?”

“ஆய்வுல அதுவும் ஒரு விடைதான்பா” என்றார் டாக்டர் ராமானுஜம். “உனக்கு ஒண்ணும் ஆகாது. அடைச்சாச்சு.”

சின்னையன் இரண்டு எட்டு முன்னால் வந்தான். அவன் அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவன் அடிக்கவில்லை. காலின் வலியில் நின்ற இடத்திலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு, நாக்கால் அந்த வெள்ளைச் சாந்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

முன்னால் வந்தது சொர்ணம். இடுப்பில் செருகியிருந்த மீன் கத்தியை எடுத்தாள். கூட்டம் பின்வாங்கியது. டாக்டர் ராமானுஜம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. டிரில்லின் அருகே போய்க் குனிந்தாள். சக்கரம், மிதி, மடங்கும் கை, ஊசி எதையும் தொடவில்லை. சக்கரத்திலிருந்து மேலே ஏறும் கயிற்றை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து ஒரே அறுப்பு. மேல் உருளை வரைக்கும் இழுத்து இன்னொரு அறுப்பு. நடுத்துண்டைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டாள்.

“போலீஸுக்குப் போவேன்” என்றார் அவர்.

“போ. போயி உன் நெயலையும் எட்துகினு போ. காட்டு.”

அவர் பெடலை மிதித்துப் பார்த்தார். சக்கரம் நன்றாகச் சுற்றியது. ஊசி அசையவில்லை.

“மாத்துக் கயிறு எங்கே?” என்று என்னைக் கேட்டார்.

அது என் பைக்குள் இருந்தது. “இல்ல சார்” என்றேன்.

அப்பாசாமி எதுவும் கேட்காமல் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் மணலில் கவிழ்த்தார். பெண்கள் வெளியேறினார்கள். டாக்டர் ராமானுஜம் விளக்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நாளைக்கு என் மேல் என்ன நடவடிக்கை எடுப்பார் என்று எனக்கு ஓரளவு தெரிந்தது. அதைப் பற்றி யோசிக்கக் கோபம் இடம் கொடுக்கவில்லை.

சின்னையன் பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சொர்ணம். நான் போய் நின்றேன்.

“அந்த வெள்ளை நிக்காது. ஞாயித்துக்கிழமை பஸ்ல வரேன். வெள்ளிப் பொடியும் பாதரசமும் கலந்து அடைச்சா வருஷக்கணக்கா நிக்கும். குழி ஏற்கெனவே சரியாத்தான் தோண்டியிருக்கு, மேல தோண்ட வேண்டியதில்ல. சாந்தைச் சுரண்டி எடுத்துட்டு, கையாலேயே அழுத்தி அடைச்சுடலாம். எப்படின்னா...”

“யம்மா” என்றாள் சொர்ணம். “வெளக்காத. வந்து செய்யி.”

சின்னையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை.

“வா” என்றான். “மிஷின எட்துகினு வந்தே, பஸ்ஸ வுட்டு எறங்க மாட்டே.”